பெயரற்ற ‘ஒருவர்’: தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ – குரல், வடிவம், எல்லை

ஆய்வுச் சுருக்கம்

சென்னை வானொலியில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஒலிபரப்பான ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியை நீதிக்கதைத் தொகுப்பாகவோ நகைச்சுவைத் துணுக்காகவோ மதிப்பிடுவதே வழக்கமாக உள்ளது. அம்மதிப்பீடு அச்சு நூல்களை மட்டும் சான்றாகக் கொண்டதால் விளைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வேளாண் ஒலிபரப்பின் உரையாடல் முறை, அரசு ஊடகத்தின் நெறிமுறைகள், சிரிப்பை ஒதுக்கிய குரல் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்நிகழ்ச்சியின் வடிவத்தை உருவாக்கின என்பதும், அவ்வடிவம் தன் எல்லைகளையும் உடன்கொண்டு வந்தது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: வானொலி உரை, தென்கச்சி கோ. சுவாமிநாதன், கதைசொல்லல், பேச்சுமொழி, ஒலி ஆவணம்

முன்னுரை

அரியலூர் மாவட்டம் தென்கச்சிப்பெருமாள்நத்தம் என்னும் சிற்றூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மையில் பட்டம் பெற்றவர். வேளாண் அலுவலராகப் பணியாற்றியவர். ஊரில் நிலத்தில் இறங்கி உழவுத்தொழிலும் செய்தவர். 1970-களின் பிற்பகுதியில் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் சேர்ந்து, பின்னர் மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலையில் உள்ள சென்னை வானொலி நிலையத்திற்கு வந்தார். 1980-களின் இறுதியில் தொடங்கி 2002-இல் பணி ஓய்வு பெறும் வரை அவர் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’, காலைநேரத் தமிழ் வாழ்வின் ஒரு கூறாகவே ஆனது. பின்னர்ச் சன் தொலைக்காட்சியில் ‘இந்த நாள் இனிய நாள்’ நிகழ்ச்சியை வழங்கினார். 2009 செப்டம்பர் 16 அன்று சென்னையில் காலமானார்.

இத்தகைய நீண்ட பணிவாழ்வைப் பற்றிய தமிழ்த் திறனாய்வு மிகக் குறைவு. அவரைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி நினைவஞ்சலி வகையைச் சாரும். எஞ்சியவை, நூல்வடிவில் வந்த உரைகளை எடுத்துக்கொண்டு அவற்றில் காணப்படும் நீதி, நகைச்சுவை, வாழ்வியல் சிந்தனை எனத் தலைப்பிட்டு வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. இவ்வகைப்பாடு தவறன்று, ஆயினும் போதாது. நீதியும் நகையும் நிறைந்த துணுக்குகள் அக்காலத் தமிழ் வார இதழ்களில் ஏராளமாக வந்தன. அவை மறக்கப்பட, இவை மட்டும் ஒரு தலைமுறையின் செவியில் தங்கியதற்கான காரணத்தை உள்ளடக்கத்தில் தேடுவதால் பயனில்லை. சொல்லப்பட்ட முறையில்தான் அதனைத் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வேளாண் ஒலிபரப்பு தந்த உரையாடல் முறை

தென்கச்சியார் வானொலிக்குள் இலக்கியத்தின் வழியாகவோ நாடகத்தின் வழியாகவோ வரவில்லை; வேளாண்மையின் வழியாக வந்தார். இச்செய்தி அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாகக் கடந்து செல்லப்படுவது. அவரது நடையைப் புரிந்துகொள்வதற்கோ இதுவே முதன்மையான திறவுகோல்.

அகில இந்திய வானொலியில் 1966-இல் பண்ணை – இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. உயர் விளைச்சல் தரும் விதைகளை உழவரிடம் கொண்டுசேர்ப்பது அவற்றின் நோக்கம். அக்காலத்தில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல் இரகத்தைத் திருச்சி வானொலியின் வழியே அறிந்த உழவர்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு வழங்கினர். அரசின் துறை ஆவணம் இட்ட பெயரைக் கேட்போரின் நாவழக்கு மாற்றிக்கொண்டதற்கு இது சான்று. வேளாண் ஒலிபரப்பின் அடிப்படைச் சிக்கலும் இதிலேயே அடங்கியுள்ளது. கேட்பவர் தம் தொழிலில் பல்லாண்டுப் பட்டறிவு உடையவர். மண்ணும் நீரும் பருவமும் அவருக்குத் தெரியும். பேசுபவருக்குத் தெரிந்திருப்பதோ ஒரு புதிய செய்தி மட்டுமே. ஆசிரியர் மாணவருக்குக் கற்பிக்கும் தொனியில் அச்செய்தியைச் சொன்னால், கேட்பவர் பெட்டியை அணைத்துவிடுவார்.

ஆகவே வேளாண் ஒலிபரப்பாளர், அறிவுரை கூறும் உயரத்திலிருந்து இறங்கி, திண்ணையில் அருகமர்ந்து பேசுபவராகத் தம்மை அமைத்துக்கொள்ள வேண்டியவராகிறார். ‘இன்று ஒரு தகவல்’ இம்முறையை வயலிலிருந்து வாழ்க்கைக்கு மாற்றியது. மன அமைதி, உடல்நலம், கோபம், மறதி, குடும்ப உறவு என எதைப் பற்றிப் பேசினாலும், கேட்பவர் அதனை ஏற்கெனவே ஓரளவு அறிந்தவர் என்னும் எடுகோளின் மீதே உரை நகர்கிறது. ‘தகவல்’ என்னும் தலைப்புச் சொல்லின் பணிவும் இங்கிருந்தே பிறக்கிறது. நல்லுரை, அறவுரை, சிந்தனை, சொற்பொழிவு போன்ற சொற்கள் பேசுபவரை உயர்த்துவன. ‘தகவல்’ அவ்வாறு உயர்த்துவதில்லை. அதுவும் ‘ஒரு’ தகவல். அதுவும் ‘இன்று’ மட்டும்.

தகவலும் கதையும்

தலைப்பு ‘தகவல்’ என்றாலும், உரையின் உடல் பெரும்பாலும் கதையே. இம்முரணைக் கோட்பாட்டு நோக்கில் அணுக வால்டர் பென்யமின் துணைபுரிகிறார். கதைசொல்லி குறித்து அவர் 1936-இல் வெளியிட்ட கட்டுரை, தகவலையும் கதையையும் எதிரெதிராக நிறுத்துகிறது. தகவல் புதிதாயிருக்கும் கணத்திலேயே வாழ்ந்து முடிகிறது. தன்னை முழுமையாக விளக்கிவிட வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. கதையோ விளக்கத்தைத் தன்னுள் அடக்கி வைத்துக்கொண்டு நெடுங்காலம் ஆற்றலோடு இருக்கிறது. தகவலின் பெருக்கம் கதைசொல்லலை அழிக்கிறது என்பது அவர் கவலை.

தென்கச்சியாரின் உரைகள் இவ்வெதிர்நிலையைத் தலைகீழாக்குகின்றன. அவற்றில் தகவல், கதை உள்ளே வருவதற்கான நுழைவுச்சீட்டாகப் பயன்படுகிறது. பொதுவான அமைப்பை மூன்று கட்டங்களாகக் காணலாம். முதற்கட்டத்தில் மருத்துவமோ உளவியலோ வரலாறோ சார்ந்த ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அச்செய்தியை விளக்குவதுபோல ஒரு கதை தொடங்குகிறது. அது முல்லா கதையாகவோ, ஜென் கதையாகவோ, புராணத் துணைக்கதையாகவோ, அண்டைவீட்டு நிகழ்ச்சியாகவோ இருக்கலாம். மூன்றாம் கட்டத்தில் ஒரு சிறு நகைச்சுவை வந்து, முதலில் சொன்ன செய்தியின் கனத்தையே குறைத்துவிடுகிறது. மறதியைப் பற்றிய உரை, மறதிக்கு வழி சொன்னவரே எதையோ மறந்து நிற்பதாக முடியும் என்ற வாய்பாட்டால் இவ்வமைப்பை விளக்கலாம்.

இந்த இறுதி நகைச்சுவையை ‘சுவைக்காகச் சேர்க்கப்பட்டது’ என்று கொள்வது திறனாய்வின் பிழை. நீதிக்கதை மரபில் முடிவு என்பது கதையின் பொருளைப் பூட்டும் இடம். இங்கோ முடிவு அப்பூட்டைத் திறந்துவிடுகிறது. அறிவுரை சொன்னவர் தாமே அதனைக் கடைப்பிடிக்க இயலாதவராக நிற்கும்போது, கேட்பவர் அறிவுரையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை பெறுகிறார். வேளாண் ஒலிபரப்பில் கற்ற பணிவு, இங்குக் கதையமைப்பாகவே மாறியிருக்கிறது.

தமிழ் மரபில் இதற்குப் பழைய இடம் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் உரையை நான்கு வகையாகப் பிரிக்கும்போது, பொருளோடு தொடர்பற்ற கற்பனைப் பேச்சையும் பொருளோடு பொருந்திய நகைப்பேச்சையும் தனித்தனி வகைகளாக எண்ணுகிறது. முன்னதற்கு உரையாசிரியர் பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையை எடுத்துக்காட்டுகிறார். உரையின் ஒரு கூறு செவிலிக்கு உரியது என்றும், மற்றொரு கூறு யார்க்கும் விலக்கின்றி உரியது என்றும் அந்நூல் மேலும் வரையறுக்கிறது. வீட்டுக்குள் சொல்லப்படும் செவிலியின் கதையும் எல்லார்க்கும் பொதுவான உரையும் ஒரே குரலில் ஒன்றுசேர்வது வானொலியில்தான் நேர்கிறது. ஒலிபெருக்கி ஊருக்கு, வானொலிப் பெட்டியோ அடுக்களைக்கு. தென்கச்சியாரின் நகைமொழி, ஊர் முழுவதும் கேட்டும் அடுக்களைப் பேச்சாகவே இருந்தது.

சிரிக்காத குரல்

நகைச்சுவையைச் சொல்லும்போது தென்கச்சியாரின் குரலில் சிரிப்பின் சாயல் இராது. ஏற்ற இறக்கம் குறைந்த, நிதானமான, ஏறக்குறைய சோர்ந்ததுபோன்ற அக்குரலைக் கேட்டோர் அனைவரும் நினைவுகூர்வர். இதனைத் தனிமனித இயல்பு என்று விட்டுவிடாமல் உத்தியாகக் காண்பது தேவை.

மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளின் மேடைச் சொற்பொழிவு மரபோடு ஒப்பிட்டால் இவ்வுத்தியின் தன்மை விளங்கும். 1993-இல் மறைந்த திருமுருக கிருபானந்த வாரியார், அவையில் அமர்ந்த சிறுவர்களிடமும் வினாக்களை எழுப்பி, விடையிலிருந்து நகையை வளர்த்துச் செல்வார். அவையின் சிரிப்பே அடுத்த வாக்கியத்திற்கு அடியெடுத்துக் கொடுக்கும். வானொலிக் கூடத்தில் அவை இல்லை. பேசுபவர் தாமே சிரித்தால், கேட்பவர் சிரிக்க வேண்டிய இடத்தை அவர் முன்னரே நிரப்பிவிடுவார். சிரிக்காமல் நிறுத்தினால், அந்த இடம் வெற்றிடமாகக் கேட்பவரிடம் வந்து சேரும். அவையின் இன்மையைக் குறையாகக் கருதி ஈடுகட்ட முயலாமல், அதனையே உரையின் உறுப்பாக்கியது அவருடைய தனித்தன்மை.

எர்விங் காஃப்மன், 1981-இல் வெளியான தம் நூலில் வானொலிப் பேச்சை ஆராயும்போது, எழுதியதை வாசித்தல், மனனம் செய்து சொல்லல், அப்போதே எண்ணிப் பேசுதல் எனப் பேச்சு உருவாகும் முறைகளை வேறுபடுத்துகிறார். தேர்ந்த ஒலிபரப்பாளர், எழுதியதை வாசிக்கும்போதும் அப்போதே எண்ணிப் பேசுவதான உணர்வைத் தருகிறார் என்பது அவர் காட்டும் நுட்பம். தமிழ்ச் செய்தி வாசிப்பு இதற்கு நேர்மாறானது. ‘செய்திகள் வாசிப்பது’ என்று தொடங்கித் தம் பெயரைச் சொல்லும் சரோஜ் நாராயணசுவாமியின் கம்பீரமான குரல், தான் வாசிக்கிறது என்பதை மறைப்பதில்லை. அந்த வெளிப்படைத்தன்மையே அதன் நம்பகத்தன்மை. தென்கச்சியாரின் குரலோ, சொல்லத் தொடங்கும்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல இடைவெளி விட்டு நகர்கிறது. அவ்விடைவெளியில்தான் கேட்பவர் உரையாடலில் பங்கேற்கிறார்.

இதே காலத்தில் தமிழ்ச் செவிகள் வேறொரு குரல் மரபையும் அறிந்திருந்தன. இலங்கை வானொலியின் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோர் வழியே, விரைவும் உச்சரிப்புத் துல்லியமும் திரையிசை உற்சாகமும் கலந்த அறிவிப்புக் கலை கடல்கடந்து தமிழகத்தை அடைந்தது. அப்துல் ஹமீது பின்னாளில் சன் தொலைக்காட்சியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியபோதும் அக்கலையைக் கைவிடவில்லை. இலங்கைக் குரல் கேட்பவரை ஒரு விழாவுக்கு அழைத்தது. தென்கச்சியாரின் குரல் எங்கும் அழைக்கவில்லை. கேட்பவர் இருந்த இடத்திற்கே வந்தது. ஒலிபரப்புத் தமிழின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு மரபுகளையும் ஒன்றையொன்று விளக்கும் இணைகளாகக் கொள்வது பயன்தரும்.

பெயரற்ற ‘ஒருவர்’

இவ்வுரைகளின் தலைமை மாந்தர் பெரும்பாலும் ‘ஒருவர்’ அல்லது ‘நண்பர் ஒருவர்’. அவருக்குப் பெயரில்லை, ஊர் சொல்லப்படினும் அது அடையாளம் அற்றது, தொழில் தேவைப்பட்டால் மட்டும் சொல்லப்படும். வாய்மொழிக் கதையின் பொதுப்பண்பே இது என்று விளக்கிவிடலாம். ஆயின் வானொலி நிலையத்திற்குள் பெயரின்மைக்கு மற்றொரு காரணமும் இருந்தது.

அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிமுறை, சமயங்களையோ சமூகப் பிரிவுகளையோ தாக்குவதையும், அரசியல் கட்சியைப் பெயர்சுட்டிச் சாடுவதையும், அவதூறையும் விலக்குகிறது. 1997-இல் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சி அமைப்பு வந்தபின்னும் இவ்வெச்சரிக்கை உணர்வு நிலையப் பண்பாட்டில் தொடர்ந்தது. இவ்வெல்லைக்குள் நகைச்சுவை செய்வது எளிதன்று. நகை யாரையேனும் குறிவைத்தே எழும். தென்கச்சியார் கண்ட தீர்வு, குறியைப் பெயரற்றவராக்குவது; பல வேளைகளில் சொல்பவரையே குறியாக்குவது. விலக்கு ஒன்று வடிவமாக மாறிய நிகழ்வு இது. கேட்பவர் எவரும் அந்த ‘ஒருவர்’ இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிந்ததால், கட்டுப்பாடே பொதுமைக்கு வழிசெய்தது.

இப்பொதுமையின் விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிகழ்ச்சி ஒலித்த ஆண்டுகள் தமிழ்ச் சமூகத்தில் அமைதியான ஆண்டுகள் அல்ல. மண்டல் குழுப் பரிந்துரை குறித்த விவாதமும், 1991-க்குப் பிந்தைய பொருளாதார மாற்றமும், தலித் இலக்கியத்தின் எழுச்சியும் அக்காலத்தவை. தலித் தன்வரலாறுகள், பெயரும் தெருவும் சாதியும் சுட்டாமல் தமிழ் வாழ்வைச் சொல்ல முடியுமா என்ற வினாவை எழுப்பிய அதே காலத்தில், வானொலியின் ‘ஒருவர்’ சாதியற்றவராக, தெருவற்றவராகக் காலைதோறும் வந்து சென்றார். அவருடைய துன்பங்கள் மனத்தின் துன்பங்கள். அவற்றின் மருந்தும் மனத்திலேயே இருந்தது. கூலியும் கடனும் நிலமும் பற்றி நன்கறிந்த ஓர் உழவரின் உரைகளில் அவை முதன்மை பெறாதது கருதத்தக்கது. கணவன் – மனைவி பற்றிய நகைச்சுவைகளும் அக்கால இதழ்த் துணுக்குகளின் வார்ப்பிலிருந்து அதிகம் விலகவில்லை. ‘எவராகவும் இருக்கக்கூடிய ஒருவர்’ என்பவர் நடைமுறையில் ஆணாகவும் பெரும்பாலும் நடுத்தர வாழ்வினராகவுமே கற்பனை செய்யப்பட்டார்.

இதனைத் தனிமனிதக் குறையாகக் காட்டுவது நேர்மையாகாது. அரசு ஊடகம் அனுமதித்த பரப்பில் அவர் இயங்கினார். ஆயினும் அப்பரப்பின் எல்லையைச் சுட்டாமல் அவரைப் ‘பொதுமக்களின் குரல்’ என்று போற்றுவது, எந்தப் பொதுமக்கள் என்னும் வினாவைத் தவிர்ப்பதாகும். அவருடைய வடிவத்தின் ஆற்றலும் அதன் மௌனமும் ஒரே பெயரின்மையிலிருந்து பிறந்தவை.

திரையும் அச்சும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றும், சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்றும் ஒளிபரப்பைத் தொடங்கின. வானொலியில் அறியப்பட்டவர்கள் திரைக்குச் செல்வது அக்காலத்தில் இயல்பான நகர்வே. தென்கச்சியார் ‘இந்த நாள் இனிய நாள்’ வழியே திரைக்கு வந்தபோது பேச்சின் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது கேட்பவரின் நிலை. வானொலியில் சிரிப்பின்மை ஒரு வெற்றிடம். திரையில் அது ஒரு முகபாவம். கேட்பவர் நிரப்ப வேண்டியிருந்த இடத்தை இப்போது முகம் நிரப்பியது. ‘சிரிக்காமல் சிரிக்க வைப்பவர்’ என்னும் அடையாளம் திரையில் பார்த்து மகிழும் பண்பாக உறுதிப்பட்டது. அடுக்களையில் கைவேலையோடு கேட்கப்பட்ட குரல், உட்கார்ந்து பார்க்க வேண்டிய உருவமாயிற்று. தொடர்ந்த வரவேற்பு, இம்மாற்றத்தைப் பார்வையாளர் இழப்பாகக் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது. வடிவ ஆய்வு நோக்கில், நிகழ்ச்சி வேறொன்றாகிவிட்டது என்பதையும் குறிக்க வேண்டும்.

அச்சில் நேர்ந்த மாற்றம் இன்னும் ஆழமானது. தொகுதி தொகுதியாக வெளிவந்த நூல்களில் பேச்சுவழக்குச் சொற்கள் பெரும்பாலும் எஞ்சுகின்றன, கதையும் எஞ்சுகிறது. இடைவெளியும் வேகமும் எஞ்சுவதில்லை. நாளுக்கொன்றாகக் கேட்கப்பட்டவை ஒரே அமர்வில் இருபது முப்பதாக வாசிக்கப்படும்போது, ஒவ்வொன்றிலும் புதிதாயிருந்த இறுதித் திருப்பம் முன்கூட்டியே எதிர்பார்க்கப்படும் வாய்பாடாகிறது. ‘இன்று’ என்னும் தலைப்புச் சொல் அச்சில் பொருளிழக்கிறது. நூல்களை மட்டும் படித்த திறனாய்வாளர் இவற்றை எளிய துணுக்குகள் என்று முடிவு செய்வதற்குக் காரணம் இதுவே. அவர் மதிப்பிடுவது நிகழ்ச்சியை அன்று, அதன் எழுத்துப்படியை.

முடிவுரை

‘இன்று ஒரு தகவல்’ வேளாண் ஒலிபரப்பின் பணிவிலிருந்து தன் தொனியையும், அரசு ஊடகத்தின் விலக்குகளிலிருந்து தன் பெயரற்ற மாந்தரையும், அவையற்ற கூடத்திலிருந்து தன் சிரிக்காத குரலையும் பெற்றது. அறிவுரை கூறும் அதிகாரத்தை அறிவுரை கூறும்போதே கைவிடும் ஒரு கதைவடிவம் இதனால் உருவாயிற்று. அவ்வடிவமே சாதி, உழைப்பு, பாலினம் பற்றிய வினாக்களைப் பெயரின்மைக்குள் மறைக்கவும் செய்தது. இரண்டையும் ஒருசேரக் காண்பதே நடுவுநிலைத் திறனாய்வாகும்.

இம்முடிவு முறையியல் சார்ந்த ஒரு வேண்டுகோளுக்கும் இட்டுச் செல்கிறது. வால்டர் பென்யமின் 1927 முதல் 1933 வரை செருமானிய வானொலியில் உரைகளும் சிறுவர் நிகழ்ச்சிகளும் வழங்கினார். அவற்றின் எழுத்துப்படிகள் பல கிடைக்கின்றன. அவர் குரலின் பதிவு கிடைக்கவில்லை. கதைசொல்லியின் மறைவைப் பற்றி எழுதியவரின் கதைசொல்லும் குரலே இன்று ஆய்வாளருக்கு எட்டாதது. தென்கச்சியாரின் குரல் அந்நிலையை அடையவில்லை; அவருடைய ஒலிப்பதிவுகள் இன்றும் கேட்கப்படுகின்றன. ஒலிபரப்பான நாள், உரையின் நீளம், நிறுத்தங்கள் ஆகிய விவரங்களோடு அவற்றை ஆய்வுக்குரிய பனுவலாக ஒழுங்குபடுத்துவது செய்யப்பட வேண்டிய பணி. ஏட்டுச்சுவடிகளுக்குப் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும், அச்சுப் பனுவல்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழாய்வுக்குத் துணைநிற்கின்றன. பாடவேறுபாட்டை எழுத்தெண்ணி நோக்கும் பயிற்சி தமிழ்ப் பதிப்பு மரபுக்கு உண்டு. அதே பயிற்சியைக் குரலின் நிறுத்தத்திற்கும் விரிவாக்கினால், வானொலித் தமிழ் இலக்கிய வரலாற்றில் தனக்குரிய இயலைப் பெறும்.